நீலமான தூளுக்கு விளக்கம் கேட்ட பதிவாளருக்கு

மதிப்பிற்குரிய பதிவாளர் ஐயா,

வணக்கம். போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு மெமோ வந்தது. கொள்முதல் ஆணையில் வெள்ளைத் தூள் என்றிருக்க, கையிருப்பில் இருப்பது நீலமாக இருப்பது ஏன் என்று மூன்று நாளில் விளக்க வேண்டுமாம். தனியாக எழுதினால் அது எந்தக் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

வெள்ளையாகத்தான் வந்தது ஐயா. நீலமாக்கியது நம் ஸ்டோர்ஸ் ஜன்னல்.

அந்தத் தூள் 10,12-பென்டகோசாடையினோயிக் அமிலம். அதன் மூலக்கூறுக்குத் தண்ணீரை நாடும் தலை ஒன்று, தண்ணீரை ஒதுக்கும் நீண்ட வால் ஒன்று. குளோரோஃபார்மில் கரைத்துத் தொட்டித் தண்ணீர்மேல் சொட்டுச் சொட்டாக விட்டால், குளோரோஃபார்ம் பறந்துபோகும், மூலக்கூறுகள் மேலே பரவி நிற்கும். தொட்டியின் குறுக்கே இருக்கும் தடுப்பை மெல்ல நகர்த்தி நெருக்கினால் தாமாகவே வரிசை கட்டும். இந்த அமிலம் ஓர் அடுக்கோடு நிற்காமல் மூன்றடுக்காக மடங்கிக்கொள்ளும். என் ஆய்வே அந்த மடங்கலைப் பற்றியதுதான். அந்தப் படலத்தைக் கண்ணாடியில் ஏந்தி 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியைக் காட்டினால், அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் கைகோத்து நீளமான பாலிமர் சங்கிலியாகும். படலம் நீலமாகும்.

கைகோக்க வேண்டுமானால் அவை சரியான இடைவெளியில், ஏறத்தாழ அரை நானோமீட்டர் தள்ளி, ஒரே சாய்வில் நிற்க வேண்டும். இந்த அமிலம் சேர்ந்த டைஅசெட்டிலீன் குடும்பத்துப் படிகங்கள் ஒளி பட்டே பாலிமராவதை ஜெர்மன் வேதியியலாளர் வெக்னர் 1969-லேயே விளக்கிவிட்டார். தூளுக்குள்ளும் அவை அப்படித்தான் நிற்கின்றன. வெளிச்சம் மட்டும்தான் பாக்கி. அதனால்தான் பழுப்பு பாட்டிலில், ஐஸ் பையோடு அனுப்புகிறார்கள்.

பார்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மொத்தமே ஒரு கிராம். எடை சரிபார்க்கப் பாட்டிலைத் திறந்து, தூளை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவரில் கொட்டி, எண் ஒட்டி, ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில். பதினொரு நாள். மூன்று முறை போய்க் கேட்டேன், "ரெஜிஸ்டர்ல ஏறாம தர முடியாதும்மா" என்றார்கள். நான்காவது முறை போனபோது கவருக்குள் இங்க் கொட்டினதுபோல் இருந்தது. ஸ்டோர்ஸ் அண்ணன் பதறிப்போய், "ஏம்மா, கம்பெனிக்காரன் சாயம் கலந்து ஏமாத்திட்டானா?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

பாலிமரானது குளோரோஃபார்மில் கரையாது. எனவே மிச்சத்தைக் கரைத்து வடிகட்டினேன். இரண்டு நாள் இருட்டறையில் உட்கார்ந்து வடித்ததில் பாதிகூடத் தேறவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: ஒளிக்கும் சூட்டுக்கும் கெடும் வேதிப்பொருள்கள் வந்த அன்றே, பிரிக்காமல், ஆய்வகத்துக்கு வர வேண்டும். பதிவேட்டில் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

1891-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண், ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டுச் சமையலறையில், ஒரு தகரத் தொட்டியில் தண்ணீரின் பரப்பு இழுவிசையை அளந்த விவரம் அதில் இருந்தது. ராலே அதை 'நேச்சர்' இதழில் அச்சேற்றினார். பல்கலைக்கழகப் படிப்பு அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. சரி, கொள்முதல் குழு, மூன்று நகல் இன்டென்ட், கையிருப்புப் பதிவேடு இவையும் கிடைக்கவில்லை. வேலை நடந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. எங்களுக்கு எல்லாம் கிடைத்திருக்கிறது, நான்கு மாத உதவித்தொகையைத் தவிர.

மன்னிக்கவும், அது வேறு கோப்பு. வந்த அன்றே, பிரிக்காமல், ஆய்வகத்துக்கு. இப்படி ஒரு வரிச் சுற்றறிக்கை போட்டுத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மெமோவுக்கு இணைப்பாக, நீலம் தங்கிய வடிதாளை அனுப்பியிருக்கிறேன். கோப்பில் வைத்துக்கொள்ளலாம். சூடான காபி டம்ளரை மட்டும் அதன்மேல் வைக்க வேண்டாம். சூடு பட்டால் நீலம் சிவப்பாகிவிடும், அதற்கும் நான் விளக்கம் எழுத வேண்டிவரும்.

இப்படிக்கு,
முழுநேர ஆய்வு மாணவி, வேதியியல் துறை