இரண்டு மருந்துக்கும் வலிப்பு அடங்கவில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வலிப்பு வந்தால் என் தம்பி கீழே விழமாட்டான். பார்வை நிலைகுத்தி நிற்கும்; வாயைச் சப்புக்கொட்டியபடி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். 12 வருடமாக மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்கவில்லை என்றாலே, அது மூளையில் எங்கிருந்து கிளம்புகிறது, அந்த இடத்தை அறுவை சிகிச்சையில் அகற்றலாமா என்று வீடியோ இஇஜி (வலிப்பு வரும்போது ஆளைப் படம் பிடித்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதிவது), எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். 2001இல் வெளியான கனடா ஆய்வில், டெம்போரல் பகுதி (மூளையின் பக்கவாட்டுப் பகுதி) வலிப்புக்கு அறுவை சிகிச்சை என்று ஒதுக்கப்பட்ட குழுவில் 58 சதவீதம் பேருக்கு, ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு நின்றிருந்தது. மருந்து மட்டும் என்று ஒதுக்கப்பட்ட குழுவில் 8 சதவீதம்தான்.

எல்லோருக்கும் பொருந்தாது, சரி. ஞாபகசக்தி குறையும் அபாயமும் உண்டு. அதற்காகப் பரிசோதனைக்கே அனுப்பாமல் இருக்கலாமா? தம்பிக்கு இப்போதுதான் அந்தப் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

- ஒரு வாசகர்