கினோசாகிக்குப் பணம் வாங்கிக்கொண்டு அரிமாவில் இறக்கிவிட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்: ஜப்பான் குழுச் சுற்றுலாவில் மூன்று பேருக்குப் பதிவு செய்த வாடிக்கையாளர், மதுரை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கடந்த நவம்பரில் நீங்கள் நடத்திய ஜப்பான் சுற்றுலாவில் நானும் மனைவியும் அம்மாவும் வந்திருந்தோம். டோக்கியோ, கியோட்டோ பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகார் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றித்தான்.

பயணத் திட்டத்தில் 'கினோசாகி வெந்நீர் ஊற்று நகரம், பாரம்பரிய விடுதியில் இரண்டு இரவுகள்' என்று அச்சடித்திருந்தீர்கள். அந்த இரண்டு இரவுக்காகத்தான் மற்றவர்கள் சொன்னதைவிட அதிகமான உங்கள் கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டோம். ஆனால் நாங்கள் பார்த்தது அரிமா என்ற வேறொரு வெந்நீர் ஊற்று ஊரை; அதுவும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து மூன்று மணி நேரம். இரண்டு இரவும் படுத்தது ஒசாகாவில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு பிசினஸ் ஹோட்டலில்.

மாற்றத்தை முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப்பில் தெரிவித்தீர்கள். காரணம் கேட்டேன். நண்டு சீசன், அறை கிடைக்கவில்லை, இரண்டு ஊரும் ஹியோகோ மாகாணத்தில்தான் இருக்கின்றன, ஆகவே இது 'சமமான மாற்று ஏற்பாடு' என்று பதில் வந்தது. கினோசாகிப் பக்கத்துக் கடற்கரையில் மட்சுபா நண்டு பிடிப்பது ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 6 அன்று தொடங்குகிறது. சொல்லாமல் கொள்ளாமல் வந்த புயல் இல்லை அது. ஜூனிலேயே முழுப் பணத்தையும் வாங்கிவிட்டவர்கள் அறையையும் அப்போதே பிடித்திருக்கலாம். மாகாணம் ஒன்று என்ற வாதத்துக்கு என்ன சொல்ல? கொடைக்கானலும் சிறுமலையும் ஒரே திண்டுக்கல் மாவட்டம்தான். கொடைக்கானலுக்குப் பணம் கட்டியவரைச் சிறுமலையில் இறக்கிவிட்டால் சும்மா இருப்பாரா?

அரிமா மட்டமான ஊர் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானின் மிகப் பழமையான வெந்நீர் ஊற்றுகளில் ஒன்று அது. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஒன்றிணைத்த டொயோடோமி ஹிதெயோஷி விரும்பிப் போன இடம். ஆனால் நாங்கள் கேட்டது அதையல்ல. கினோசாகியில் மொத்தம் ஏழு பொதுக் குளியலகங்கள். விடுதியில் தங்குகிறவர்களுக்கு அவற்றுக்கான அனுமதிச் சீட்டு அறையோடு சேர்ந்தே வரும். யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு, மரக்கட்டைச் செருப்பு டக் டக்கென்று ஒலிக்க, ஒதானி ஆற்றங்கரை வில்லோ மரங்களின் கீழே ஒவ்வொரு குளியலகமாகப் போய்வருவதுதான் அங்கே வேலையே. ரயில் நிலையம் வாசல், தெரு நடைக்கூடம், விடுதிகள் அறைகள், பொதுக் குளியலகங்கள் குளியலறை என்று ஊரையே ஒரே விடுதியாகச் சொல்வது அவர்கள் வழக்கம். 1925 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோன ஊரைத் திரும்பக் கட்டியபோதும் அந்த அமைப்பை விட்டுவிடவில்லை. ராத்தங்காதவருக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது. உங்கள் வழிகாட்டியோ, "சார், வெந்நீர் எங்க இருந்தாலும் வெந்நீர்தானே" என்றார். அப்படியானால் மதுரையில் எங்கள் வீட்டு கீசரே போதுமே. (நீங்கள் அனுப்பிய 'கொண்டுவர வேண்டியவை' பட்டியலில் நீச்சலுடை இருந்தது. அங்கே பொதுக் குளியலில் துணியோடு யாரும் இறங்குவதில்லை, ஆண் பெண் தனித்தனிதான் என்பதை உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?)

இனி, என்னைக் கோபப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மாவின் இடது முன்கையில் சின்ன வயதில் குத்திய பச்சை இருக்கிறது: ஒரு தேள், கீழே புள்ளிக்கோலம். ஜப்பானில் பச்சை என்றால் யாகுசா என்ற குற்றக் கும்பல் ஞாபகம்தான் வரும். பல குளியலகங்கள் உள்ளே விடுவதில்லை. ஜப்பான் சுற்றுலா முகமை 2015-ல் எடுத்த கணக்கில், பதில் சொன்ன இடங்களில் சுமார் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. கினோசாகியின் ஏழு பொதுக் குளியலகங்களில் அந்தத் தடை கிடையாது. நாங்கள் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான். பதிவுப் படிவத்தில் எழுதிக்கொடுத்தேன். "அதனாலதான் சார் கினோசாகி போட்டிருக்கோம்" என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி போனில் சொன்னார்.

அரிமாவில் நீங்கள் கூட்டிப்போன ஹோட்டல் குளியலில் என்ன நடந்தது? வரவேற்பில் இருந்த பெண் அம்மாவின் கையைப் பார்த்தார், குனிந்து மன்னிப்புக் கேட்டார், சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை; அது அந்த இடத்தின் விதி. முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் வழிகாட்டி எல்லோர் முன்னாலும் "பாட்டி, கையை மறைச்சிக்கிட்டு போங்க" என்றார். அம்மா முந்தானையைக் கை மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மற்றவர்கள் குளித்து முடிக்கும் வரை தெருவோரம் கால் நனைக்கும் தொட்டியில் நானும் மனைவியும் அவரோடு உட்கார்ந்திருந்தோம். இரும்புச் சத்துள்ள பழுப்புத் தண்ணீர். துடைத்த வெள்ளைத் துண்டின் ஓரம் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தொட்டி ஊருக்கே இலவசம். ஆக, பணம் கட்டிய வெந்நீர் ஊற்றில் எங்களுக்குக் கிடைத்தது காசில்லாமல் யாருக்கும் கிடைப்பதுதான்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அம்மா சைவம். அங்கே குழம்புச் சாற்றுக்கு மீன் போடுவார்கள் என்பதால், 'கொம்பு' என்ற கடற்பாசியின் சாற்றில் சமைக்கச் சொல்லுங்கள் என்று எழுதியே கொடுத்திருந்தேன். சைவம் என்று வைத்த டோஃபுவின் மேல், நம் மாசிக் கருவாட்டைச் சீவியது போன்ற கட்சுஒபுஷி ஆவியில் நெளிந்துகொண்டிருந்தது. அம்மா வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் இறுதி ரசீதில் தலைக்கு 150 யென் வீதம் இரண்டு இரவுக்குக் 'குளியல் வரி' போட்டிருக்கிறீர்கள். வெந்நீர் ஊற்றில் குளிக்கிறவர்களிடம் வசூலிக்கும் வரி அது. தங்காத ஊருக்கு எந்தக் கணக்கில் கட்டினீர்கள்? தொகை சின்னதுதான். ஆனால் ரசீது தயாரிக்கும்போது யாரும் எதையும் பார்க்கவில்லை என்று தெரிகிறது. அல்லது பார்த்தும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எனவே, ரசீதில் கினோசாகி தங்கலுக்கும் ரயிலுக்கும் காட்டிய தொகை முழுவதையும், ஒசாகா ஹோட்டலின் உண்மையான வாடகையை மட்டும் கழித்துக்கொண்டு, மூன்று பேருக்கும் திருப்பித் தர வேண்டும். ஒசாகா வாடகைக்கு ஹோட்டல் கொடுத்த பில்லைக் காட்டுங்கள். உங்கள் மதிப்பீடு வேண்டாம். குளியல் வரியையும் திருப்பித் தர வேண்டும். அம்மாவிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், தமிழில். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் அனுப்ப வேண்டாம். ஏற்கனவே ஒன்று வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக வழக்குப் போடுவேன். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் படிவத்தில் இருக்கும் 'வழக்குகள் மும்பையில் மட்டும்' என்ற வரியைக் காட்டிப் பதில் எழுத வேண்டாம்.

பயணத் திட்டம், பச்சை பற்றி எழுதிக்கொடுத்த பதிவுப் படிவம், வாட்ஸ்அப் செய்திகள், இறுதி ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூவர் சார்பில் பதிவு செய்த வாடிக்கையாளர்
மதுரை