கூட நடந்த அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

மனநல வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ன ஆனது, எப்படி ஆனது என்பது உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு விளக்கிச் சொல்ல இப்போது தெம்பில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுகை வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்கு. அவர் டாக்டரோ நர்ஸோ இல்லை. என்னைப் போலவே உள்ளே இருந்தவர். பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. படித்தால் அவருக்கே புரியும்.

சேர்த்த புதிதில், என் காதில் மட்டும் கேட்ட குரல்கள் அடங்குவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கவும் செய்தன. ஆனால் கூடவே வேறொன்று வந்து சேர்ந்தது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. நின்றாலும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க வேண்டும். எலும்புக்குள் எறும்பு ஊர்வது போல இருந்தது. "படுத்துக்கோம்மா, தூங்கினா சரியாயிடும்" என்றார்கள். தூங்க முடிந்தால் தூங்க மாட்டேனா? நோய் முற்றிவிட்டது, இனி மீள முடியாது என்றே நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அக்கா எழுந்து வந்தார். உட்காரச் சொல்லவில்லை, என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "வா, நடக்கலாம்" என்றார்.

நர்ஸ்கள் உட்காரும் மேஜையிலிருந்து பூட்டிய கதவு வரை. திரும்ப மேஜை வரை. அக்கா லித்தியம் சாப்பிடுகிறவர், மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து அது. தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும், கையும் லேசாக நடுங்கும். அந்த நடுங்கும் கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் என் முழங்கை. வேகமாக நடக்க அவரால் முடியாது. ஆனாலும் என் வேகத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

நடந்துகொண்டே சொன்னார்: "இது உன் வியாதி இல்லைம்மா, மருந்து பண்ற வேலை. எனக்கும் முன்னாடி ஒரு மாத்திரைக்கு இப்படி வந்திருக்கு. காலையில டாக்டர்கிட்ட பதற்றமா இருக்குன்னு மட்டும் சொல்லாதே. வியாதிதான் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நினைச்சு அதே மாத்திரையைக் கூட்டிடப் போறாங்க. காலை ஒரு இடத்துல வச்சுக்கிட்டு இருக்க முடியலைன்னு சொல்லு. எந்த மாத்திரைக்கு அப்புறம் ஆரம்பிச்சுதுன்னு சொல்லு." சொன்னதோடு விடவில்லை. பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற மாதிரி திரும்பத் திரும்ப ஒப்பிக்கவும் வைத்தார். "நீயா மாத்திரையை நிறுத்திடாதே" என்று நடுநடுவே ஒரு மிரட்டல் வேறு.

காலையில் அப்படியே சொன்னேன். டாக்டர் என்னை உட்கார வைத்துக் கால்களைப் பார்த்தார், நிற்க வைத்தும் பார்த்தார். அகதீசியா என்றார், மருந்தால் வரும் இந்த இருப்புக்கொள்ளாத தவிப்புக்கு அதுதான் பெயராம். மருந்தின் அளவைக் குறைத்தார். ஆஸ்துமா உண்டா என்று கேட்டுவிட்டு, ப்ரொப்ரனலால் எழுதினார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைதானாம். சில நாட்களில் கால்கள் என் சொல்பேச்சு கேட்க ஆரம்பித்தன.

இப்படி ஒன்று வரலாம் என்று மாத்திரையை ஆரம்பிக்கும்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. மனநல வார்டுக்குள் போய்விட்டால் கால் வலிக்கிறது என்றாலும் அது மனசுக் கணக்கில்தான் சேர்கிறது. என் உடம்பைப் பற்றி நான் சொல்வது உண்மையாக இருக்கும் என்று அந்த ராத்திரியில் நம்பியவர் அக்கா ஒருவர்தான்.

மற்றவர்களை மறக்கவில்லை. ராத்திரி டார்ச்சைக் கண்ணில் படாமல் தரையில் அடித்துக்கொண்டு பார்க்க வந்த நர்ஸ், நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட டாக்டர், வேலையைக் காப்பாற்றி வைத்த மேலாளர், பார்வை நேரம் முழுக்க யார் யாருடன் சண்டை என்று வம்பு பேசிவிட்டுப் போன தோழிகள் (அதுதான் தேவைப்பட்டது!), உறவுக்காரர்களின் கேள்விகளை வாசலிலேயே நிறுத்திய தங்கை, தன் பயத்தை வெளியே காட்டாத அம்மா... எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். மாத்திரையை நானாக நிறுத்த மாட்டேன். தூக்கம் கெட ஆரம்பித்தால் மறைக்காமல் சொல்கிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அக்கா, கிளம்பும் அவசரத்தில் உங்கள் நம்பரை வாங்காமல் வந்துவிட்டேன். வெளியே வந்ததும் எப்படியாவது எனக்குத் தகவல் சொல்லுங்கள். லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போவதற்குத் துணைக்கு ஆளில்லை என்றீர்களே, நான் வருகிறேன். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், வந்து நிற்கிறேன்.