கைநடுக்கச் சிகிச்சை: கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைநடுக்கத்துக்குத் தலையைத் திறக்காமல் ஒலி அலையால் சிகிச்சை தருவது பற்றிய உங்கள் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் வெகுகாலம் பத்திரம் எழுதியவன் நான். இப்போது கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் என் காசோலையையே திருப்புகிறார்கள். மருமகள் காபி டம்ளரைப் பாதிதான் நிரப்பித் தருகிறாள். (இந்தக் கடிதம் பேத்தி கைபேசியில் தட்டித் தந்தது.)

ரத்தமில்லை, தழும்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் தலையை மொட்டையடித்து, உலோகச் சட்டத்தை மண்டையில் திருகி, எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள். தலையைச் சுற்றி 1,024 முனைகளிலிருந்து வரும் ஒலி, மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் ஒரே புள்ளியில் குவியும். அந்த இடம் 55 டிகிரிக்கு மேல் சூடாகி வெந்துபோகும். நோயாளி விழித்தே இருப்பார். நடுநடுவே அட்டையில் சுருள் கோடு வரையச் சொல்லி, நடுக்கம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே சூட்டை ஏற்றுவார்கள். வெந்தது வெந்ததுதான், திரும்பாது. பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் மருத்துவர் பெனாபிட் 1987இல் தொடங்கிய மின்தூண்டல் முறையில் மண்டையில் துளையிட்டு மூளைக்குள் மின்கம்பி வைக்க வேண்டும், மார்பில் பேட்டரி வைக்க வேண்டும். ஆனால் மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம். நோயாளி முடிவெடுக்க வேண்டிய இடமே இதுதான். கட்டுரையில் இது இல்லை.

மூளையின் ஒரு பக்கம் செய்தால் எதிர்ப்பக்கக் கைதான் அடங்கும். இரண்டு பக்கமும் செய்தால் பேச்சு குழறும், நடை தள்ளாடும் என்ற பயம் பழையது. 2016இல் ஒரு பக்கத்துக்கு அனுமதித்த அமெரிக்கா, மறுபக்கத்துக்கு 2022 இறுதியில்தான் சம்மதித்தது, அதுவும் ஒன்பது மாதமாவது இடைவெளி விட்டு. மண்டையோடும் ஒத்துழைக்க வேண்டும். சிடி ஸ்கேன் பார்த்த மருத்துவர், என் எலும்பு ஒலியை உள்ளே விடாது, சூடு ஏறாது என்று சொல்லிவிட்டார். இது தெரியாமல் எத்தனை பேர் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறுவார்களோ!

அப்புறம், எல்லாமே வெளிநாட்டுப் புதுமை என்ற தொனி. சென்னை பொது மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவர் பி. ராமமூர்த்தியின் குழு 1960களிலேயே தலையில் சட்டம் பொருத்தி, சிறு துளை வழியே நடுக்கத்துக்கு அறுவை செய்தது. டி.எஸ். கனகாவும் அந்தக் குழுவில் இருந்தவர். அவர்களைப் பற்றி ஒரு பத்தியாவது போட்டிருக்கலாம்.

அடுத்த முறை எழுதும்போது இதற்கு ஆகும் செலவையும், யாருக்கெல்லாம் இது சரிப்படாது என்பதையும் மருத்துவர்களிடம் கேட்டுச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
கும்பகோணம்.