பேரவைக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்

எங்கள் கல்லூரி மாணவர் பேரவைத் தலைவர் அண்ணன், செயலாளர் அண்ணன், பொருளாளர் அக்கா ஆகியோருக்கு,

வணக்கம். மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கும் மாணவி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை இதில் போடவில்லை. டெல்டாவில் இருக்கும் அரசு உதவி பெறும் கல்லூரி என்று சொன்னால் போதும், யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என் பெயரும் தெரியும். பேரவை வாட்ஸ்அப் குழுவிலிருந்து போன வாரம் நீக்கினீர்களே, அந்தப் பெயர்தான்.

நடந்தது எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். ஆண்டு விழா வேலையில் மறந்திருக்கலாம் என்பதால் ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

என் வகுப்புத் தோழியின் அப்பா கோட்டூர் பக்கம் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலம் குத்தகைக்குச் செய்கிறார். சம்பா அறுப்புக்கு நின்ற நேரத்தில், பொங்கல் கழித்துப் பெய்த மழையில் பயிர் அப்படியே சாய்ந்தது. பாதிக் கதிர் தண்ணீரிலேயே முளைவிட்டுவிட்டது. மீதியை அறுத்துக்கொண்டு போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்று அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயில் வந்தால்தானே காயவைக்க? ரோட்டில் கொட்டிப் பரப்பி, தூறல் விழுந்தால் படுதாவை இழுத்து மூடி, விட்டதும் திறந்து, மறுபடி மூடி, எட்டு நாள் அவளும் அவள் அம்மாவும் நெல்லுக்குக் காவல் இருந்தார்கள். அந்த எட்டு நாளும் அவள் கல்லூரிக்கு வரவில்லை. வருகைப் பதிவு போனது தனிக்கதை.

அவள் திரும்பி வந்தபோது தேர்வுக் கட்டணம் கட்ட இரண்டு நாள்தான் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். நான்தான் அவளைப் பேரவை அறைக்கு அழைத்து வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கையின்போது எங்களிடம் வாங்கும் 300 ரூபாய் பேரவைக் கட்டணத்தில் 50 ரூபாய் மாணவர் நல நிதிக்கு என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். திடீரென்று கஷ்டத்தில் மாட்டிக்கொள்பவர்களுக்குக் கட்டணம் கட்ட உதவும் நிதி அது. அந்த 300 ரூபாய் எங்கள் ஊரில் ஒரு நாள் நடவுக் கூலி. மூன்று ஆண்டும் அவள் நடவுக்குப் போய்ச் சம்பாதித்த காசில்தான் அதைக் கட்டினாள். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பொருளாளர் அக்கா செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "நிதியில இருப்பு இல்லம்மா" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னார். அறையின் மூலையில் ஆண்டு விழாவுக்கு வந்த நினைவுக் கேடயங்கள் அட்டைப் பெட்டிகளில் கூரை வரை அடுக்கியிருந்தன. என் தோழி "சரிக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கடைசி நாளும் போய், அபராதத்தோடு கட்டும் நாளில்தான் கட்டினாள். அன்று அவள் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்து போகாமல் இருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் காதில் குச்சியைப் பார்த்தால் தோடு எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தத் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. நீங்கள் திருடினீர்கள் என்று நான் எழுதவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பேரவைக்கு எவ்வளவு வந்தது, எதற்கெல்லாம் போனது, மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இரண்டு ஷிப்டும் சேர்த்து நம் கல்லூரியில் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு பேர் படிக்கிறோம். தலைக்கு 300 என்றால் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். நல நிதி மட்டும் தொண்ணூறாயிரம். இது மனக்கணக்கு. உண்மைக் கணக்கு உங்களிடம் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். நல நிதியில் இருப்பு இல்லை என்றால், அது தீர்ந்து போகும் அளவுக்கு யார் யாருக்கோ உதவி போயிருக்கிறது. பெயர்கூட வேண்டாம், எத்தனை பேருக்கு, எந்த மாதத்தில் என்று சொன்னால் போதும். கேட்ட வரையில் அப்படி உதவி வாங்கிய ஒருவரையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் உங்களிடம்தான் கடிதம் கொடுத்தேன். "அது ஆபீஸ் விஷயம், பணம் அங்கதான் இருக்கு" என்றீர்கள். ஆபீஸில் கேட்டேன். "பேரவைப் பணத்தைப் பேரவைதான் செலவு பண்ணுது, அவங்களையே கேளும்மா" என்றார்கள். மறுபடியும் உங்களிடம் வந்தேன். "கணக்குக் கேக்குற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா?" என்று சிரித்தீர்கள். குழுவில் ஒரு வரி எழுதினேன். பத்து நிமிடத்தில் அட்மின் மட்டுமே பேசலாம் என்று மாற்றிவிட்டு, அப்புறம் என்னையும் நீக்கிவிட்டீர்கள். கணக்கை எழுதி ஒட்டுவதற்கும் அதே பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும், அண்ணா.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று, மாணவர் தேர்தல்களை அந்தப் பரிந்துரைப்படியே நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுத்த இரண்டு நாளில் கல்லூரி அதை எல்லா மாணவர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தவறினால் வென்றது செல்லாது. அச்சடித்த சுவரொட்டிக்கே அனுமதி இல்லை, கையால் எழுதியதுதான். பேருந்து நிறுத்தம் முதல் கல்லூரி வாசல் வரை 'எங்கள் வருங்காலமே' என்று நின்ற உங்கள் பிளெக்ஸ்களைக் கையாலேயே வரைந்திருந்தால், அந்த ஓவியரை நுண்கலைத் துறைக்கு அழைக்க வேண்டும்.

இது தேர்தல் செலவுக்கான விதி, ஆண்டு முழுவதும் வரும் பேரவை நிதிக்கு அல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் ஓட்டுக் கேட்கச் செலவழித்த சொந்தப் பணத்துக்கே இவ்வளவு கணக்குக் கேட்கிறார்கள் என்றால், எங்கள் கையிலிருந்து வாங்கிய பணத்துக்குக் கேட்கக் கூடாதா? அதே பரிந்துரையில் ஒருவர் நிர்வாகிப் பதவிக்கு ஒரு முறைதான் போட்டியிடலாம் என்றும் இருக்கிறது. போன ஆண்டு செயலாளர் இந்த ஆண்டு தலைவராக இருப்பதை நான் பேசப் போவதில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கும் ஒரே ஆளிடம் கேட்க முடிகிறது என்று வசதியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்டு விழா மேடையில் நீங்கள் குடவோலை முறை பற்றிப் பேசினீர்கள். உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தவர்கள் சோழர்கள் என்றபோது நானும் கை தட்டினேன். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு எங்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. யார் யாருடைய பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அதில் முன்னால் நிற்பவர், வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமில்லை, அவருடைய உறவுமுறைக்காரர்களுக்கும் சேர்த்தே தடை. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டில் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வரியை விட்டுவிட்டீர்கள். நேரம் போதாமல் இருந்திருக்கும்.

இந்த ஆண்டு விழாவுக்கு என்று தனியாக 200 ரூபாய் வாங்கினீர்கள், அதுவும் 'விருப்ப நிதி' என்ற பெயரில். விருப்பப்படாதவர்களின் பெயரை வகுப்பில் இரண்டு முறை வாசித்தீர்கள். அந்த வசூலும் எப்போது நடந்தது? புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் வங்கியில் ஏறிய வாரம் பார்த்து. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் கல்லூரியை விட்டு நின்றுவிடக் கூடாது என்று கொடுக்கும் பணம் அது. அதிலிருந்து போன 200 ரூபாய் எல்.இ.டி. திரை வாடகைக்கா, டி.ஜே.வுக்கா என்றாவது தெரிந்துகொள்ள ஆசை.

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. நாம் பார்த்து வளர்ந்தது இதைத்தான். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள், ரசீது கிடையாது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "எல்லா இடத்துலயும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அப்பாவும் அடுத்த போகத்துக்கு நாற்று விடப் போய்விடுவார். நெல்லில் எத்தனை சதவீதம் ஈரம் என்று பார்க்கக் கருவி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களின் கையில் எத்தனை சதவீதம் ஈரம் என்று பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. இருபது வயதில் நாமும் ரசீது இல்லாமல் பழகிக்கொண்டால், நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரும்போது... சரி, எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது கணக்கு.

கணக்கு எழுதத் தெரியாத மண் இல்லை நம்முடையது. மேட்டூர் திறந்தால் எத்தனை கன அடி என்று அன்றைக்கே பேப்பரில் வருகிறது. கல்லணையில் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு, கொள்ளிடத்தில் எவ்வளவு விட்டார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் தெரியும். அத்தனை கணக்கு இருப்பதால்தான் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரன் எந்த மதகில் தண்ணீர் நின்றது என்று தேடிப் போய்க் கேட்க முடிகிறது. என் தோழி கடைமடை. மூன்று ஆண்டாக மேலே பணம் திறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அவள் வாய்க்காலுக்கு ஒரு சொட்டு வரவில்லை. எந்த மதகில் நின்றது என்று கேட்கக்கூட எங்களிடம் ஓர் எண் இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போகும் என் அம்மாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஜனவரி 26 கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவை வாசித்தபோது, தெருவிளக்குக்கு எழுதியிருந்த தொகையைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று, "எங்க தெருவுல லைட்டே எரியலையே" என்றார். பதில் சொன்னார்கள், அடுத்த வாரம் விளக்கும் எரிந்தது. நம் பேரவைக் கதையையெல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது: "உங்க காலேஜுல கணக்கு யாருடி படிப்பா?" என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நன்றிகெட்டவளாகிவிடுவேன். காலை 5.50 பேருந்து நம் பிள்ளைகளைப் பார்த்தும் நிற்காமல் போனபோது, டிப்போ வாசலில் உட்கார்ந்து நிற்க வைத்தது நீங்கள்தான். அன்று போலீஸ் ஜீப்பைப் பார்த்தும் எழுந்திருக்காமல் இருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஓட்டுப் போட்டேன். என் தோழியும் உங்களுக்குத்தான் போட்டாள். டிப்போ மேலாளரிடம் "எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நாங்கள் உங்களிடம் கேட்பதும் அதேதான்.

பெரிய ஆடிட்டர் எல்லாம் வேண்டாம். இரண்டு ஆண்டுக்கும் ஆண்டுக்கொரு தாள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், பில் நகல்கள் நூலகத்தில் ஒரு கோப்பில். நல நிதிக்குத் தனித் தாள். அதற்கு விண்ணப்பிப்பது எப்படி, யார் முடிவு செய்வார்கள், எத்தனை நாளில் என்பதும் அதில் இருக்கட்டும். கீழே பேரவையும் பொறுப்புப் பேராசிரியரும் கையெழுத்துப் போடுங்கள். கணக்கில் ஏதாவது உதைத்தால் உதைக்கிறது என்றே எழுதிவிடுங்கள், அதற்காக யாரும் சண்டைக்கு வர மாட்டோம். பில் எங்கே காணாமல் போனாலும் ஃபிளாஸ்க் டீ, சமோசா என்று எழுதி ஈடுகட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், எதற்காகக் கேட்கிறாய் என்று யாரும் திருப்பிக் கேட்க முடியாது. விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் வாங்கி நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். இது மிரட்டல் இல்லை. நம் வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோக எனக்கும் விருப்பமில்லை, அதனால்தான் ஸ்டாம்பை இன்னும் ஒட்டவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை வரை தினமும் மதியம் அறிவிப்புப் பலகையைப் பார்க்க வருவேன். தயவுசெய்து அதற்குள் நீங்கள் ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டும்படி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஓட்டுப் போட்ட
மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவி