உச்சரிப்பையும் சேர்த்துப் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் ஆங்கிலச் சொல் பகுதியை நான் விடாமல் படிக்கிறேன். போன வாரம் வந்த மார்கேஜ் (mortgage), லீன் (lien), டெட் (debt) மூன்றும் நான் வங்கிக் கவுண்டரில் முப்பது வருடம் புழங்கிய சொற்கள். அடமானம், கடன் தீரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை, கடன் என்று பொருள் சரியாகவே இருந்தது. எப்படி உச்சரிப்பது என்பதைத்தான் போடவில்லை.

என் அக்கா மகள் எம்.காம். படித்தவள். ஒரு வேலைக்கான நேர்காணலில் 'மார்ட்கேஜ்' என்று சொன்னாள். எதிரே இருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம் தெரிந்த பதில்கூட அவளுக்கு வாயில் வரவில்லை. அந்தச் சொல்லின் நடுவில் 'ட்' ஒலிக்காது, முடிவும் ஏறக்குறைய 'கிஜ்' என்றுதான் வரும் என்று எந்த வகுப்பிலும் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. எழுதியிருப்பதை அப்படியே படித்தாள். தமிழில் படித்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் படிக்கும்?

உண்மையில் பிழை அந்த எழுத்துக்கூட்டலில்தான் இருக்கிறது. டெட் என்ற சொல்லையே பாருங்கள். ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தபோது நடுவில் b என்ற எழுத்தே கிடையாது. பின்னால் வந்த படிப்பாளிகள், மூலம் லத்தீனின் 'டெபிட்டும்' (debitum) ஆயிற்றே என்று அந்த எழுத்தை ஏட்டில் நுழைத்தார்கள். மக்கள் வாயில் அது ஏறவே இல்லை. ரிசீட்டில் (receipt) ஒலிக்காமல் நிற்கும் p எழுத்தும் இப்படி வந்ததுதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஏமாற்று என்று பொருள்படும் டிசீட்டில் (deceit) அது கிடையாது. (நம் ரசீது பாரசீக வழி வந்த வேறு சொல். ஆனாலும் அதை நினைத்துக்கொண்டால் ரிசீட்டை யாரும் 'ரெசிப்ட்' என்று படிக்க மாட்டார்கள்.)

மார்கேஜ் பழைய பிரெஞ்சுச் சொல். 'மார்ட்' என்றால் சாவு, 'கேஜ்' என்றால் ஈடு. செத்த ஈடு! எட்வர்ட் கோக் (Coke) என்ற ஆங்கிலேய நீதிபதி 1628-இல் வெளிவந்த தம் சட்ட நூலில் இதற்கு விளக்கம் சொல்கிறார்: பணம் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவனுக்குச் செத்துப்போகிறது, கட்டிவிட்டால் அந்த ஈடு கடன் கொடுத்தவனுக்குச் செத்துப்போகிறது. இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்குப் பொருள் ஜென்மத்துக்கும் மறக்காது. அந்த நீதிபதியின் பெயரையும் 'குக்' என்றுதான் உச்சரிக்க வேண்டும்.

லீனை 'லீயன்' என்றும் சொல்லலாம், அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. 'லையன்' மட்டும் கூடாது.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் காட்டுவதில் சிக்கல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கடனைக் குறிக்கும் சொல்லும் செத்ததைக் குறிக்கும் சொல்லும் நம் எழுத்தில் ஒரே 'டெட்'தான். அதற்கு வழி, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிய சொல்லைப் பக்கத்தில் வைப்பது. கடனுக்கு 'செட் போல', செத்ததற்கு 'ரெட் போல' என்று இரண்டு வார்த்தை போதும். எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதைத் தடித்த எழுத்தில் அச்சிடலாம். டெபாசிட் என்றால் 'பா' மட்டும் தடித்து நிற்கட்டும்.

இடம் போதாவிட்டால் வாரம் மூன்று சொல்லை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். போன வாரத்து மூன்று சொற்களையும் உச்சரிப்போடு இன்னொரு முறை வெளியிட்டால், வெட்டி என் அக்கா மகளுக்கு அனுப்பிவைப்பேன். அடுத்த மாதம் அவளுக்கு இன்னொரு நேர்காணல் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்.