முற்றத்துக்கு அடியில் ஒரு மழைக்காலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது நான்கு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "அகமதாபாத்தில் என்ன இருக்கிறது பெரியம்மா? மேம்பாலம், மால், கண்ணாடிக் கட்டடம். இந்த ஊருக்கு முகமே இல்லை" என்றாய். ஹைவே ஓரத்தில் அலுவலகம், அதற்குப் பின்னாலேயே விடுதி; ஐந்து வாரத்தில் நீ கண்டது அவ்வளவுதான். ஆனால் சபர்மதிக்கு மேற்கே மட்டும் இருந்துகொண்டு அந்த ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, மாட்டுத்தாவணியில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனவர் மதுரையைப் பற்றிப் பேசுவது போன்றது. உன்னைப் போல வேலைக்காக அங்கே போகும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால், எல்லோரும் படிக்கும்படியே இதை எழுதுகிறேன்.

ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போ. 1411-ல் சுல்தான் அகமது ஷா தலைநகரைப் பாட்டன் என்ற ஊரிலிருந்து மாற்றி அமைத்த ஊர் அங்கே இருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு முயல் நாயை எதிர்த்து நின்றதைப் பார்த்துத்தான் சுல்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று ஊரார் சொல்வார்கள். முதன்முதலாக அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இதே கதைதானே! தாத்தா மடியில் உட்கார்ந்து நான் கேட்ட கதையை அங்கே ஒரு ரிக்‌ஷாக்காரர் குஜராத்தியில் சொல்லிக்கொண்டு வந்தார். மாணிக் சௌக் என்ற கடைத்தெருச் சதுக்கத்துக்குப் பெயர் தந்த மாணிக்நாத் சாமியாரின் கதையும் அழகானது. பகலில் கோட்டைச் சுவர் எழ எழ அவர் பாய் பின்னுவாராம். இரவில் பாயைப் பிரிப்பாராம். பகலில் எழுந்த சுவரும் கூடவே சரியுமாம்.

பெரியப்பாவுக்கு வங்கியில் மாற்றல் வந்து 1988-ல் நாங்கள் அங்கே போனோம். காடியா பகுதியில் ஒரு போளில் மாடிப் போர்ஷன் கிடைத்தது. 'போள்' என்றால் வாசல் வைத்த தெரு என்று வைத்துக்கொள். பெரிய மரக்கதவு, கதவுக்கு மேலே காவல்காரருக்கு ஓர் அறை, உள்ளே வளைந்து வளைந்து போகும் சந்து, இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டிய மர வீடுகள். சந்து அவ்வளவு குறுகல் என்பதால் மே மாத வெயிலும் தரையைத் தொடாது. வாசலில் 'ஓட்லா'. அது நம் திண்ணைதான், வேறொன்றும் இல்லை. மத்தியானம் பெண்கள் அதில் உட்கார்ந்து கோதுமை புடைப்பார்கள். நான் போய் உட்கார்ந்தேன். மூன்றே மாதத்தில் குஜராத்தி பேச வந்துவிட்டது.

போளுக்கு நடுவே 'சபுத்ரோ' என்று ஒரு தூண் நிற்கும். அதன் தலையில் செதுக்கு வேலை செய்த சின்ன மண்டபம். பறவைகளுக்குத் தானியம் போடுவதற்கென்றே கட்டியது. வீடுகள் இப்படி நெருங்கிவிட்டால் மரம் ஏது, குருவி எங்கே போகும் என்று யோசித்தவர்கள் கட்டியிருக்கிறார்கள். அதே ஊரில் ஜனவரி 14 அன்று உத்தராயணத்துக்குப் பட்டம் விடும்போது மாஞ்சா நூலில் எத்தனையோ பறவைகள் அறுபடுகின்றன. அவற்றைப் பிடித்துத் தையல் போட்டுக் காப்பாற்ற முகாம் நடத்துபவர்களும் அந்த ஊர்க்காரர்களே. நான் மாடியில் பொங்கல் வைத்துக்கொண்டே வானம் நிறையப் பட்டம் பார்த்திருக்கிறேன். காலடியில் ஒரு புறா வந்து விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது முற்றத்தைப் பற்றி. கீழ் வீட்டில் இருந்த பாட்டியை எல்லோரும் 'பா' என்போம். குஜராத்தியில் அது அம்மா. நாங்கள் குடிபோன முதல் ஆனியில், மழை வருவதற்கு முன்பே பா மொட்டை மாடியைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினார். முதல் மழை கொட்டியபோது தண்ணீரையெல்லாம் தெருவில் ஓடவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, வாளிகளைக் கொண்டுபோய் வைத்தேன். பா சிரித்துக்கொண்டே தடுத்துவிட்டார். கூரையின் தூசியெல்லாம் போகட்டும் என்று இரண்டு மூன்று மழையை விட்ட பிறகு, சுவரோரம் இறங்கும் செப்புக் குழாயின் வாயை முற்றத்துப் பக்கம் திருப்பினார். அதன் பிறகு இரவெல்லாம் எங்கள் காலுக்கு அடியில் எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் முற்றத்தின் நடுவே ஒரு கல் மூடியைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வெயிலை அதில் வாங்கி உள்ளே திருப்பினார். சுண்ணாம்பு பூசிய பெரிய அறை ஒன்று முற்றம் முழுக்கப் படர்ந்து கீழே கிடந்தது. பாதி வரை தண்ணீர். வெளிச்சம் அடியில் போய்ப் படும் அளவுக்குத் தெளிவு. அதற்கு 'டாங்கா' என்று பெயர். வருடம் முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். வெயிலும் காற்றும் படாததால் கெடாது. பித்தளைச் செம்பில் கயிறு கட்டி இறைப்பார்கள், குளித்துவிட்டுத்தான் தொடுவார்கள். ஏப்ரலில் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். போன வருடத்து மழை, சில்லென்று இருந்தது. அந்த ஊரின் குணத்தை அந்த ஒரு மிடறில் நான் தெரிந்துகொண்டேன். ஆரவாரம் இல்லாமல், காலுக்கு அடியில் சேர்த்து வைக்கிற ஊர் அது. 1861-ல் அங்கே முதல் பஞ்சாலையை நிறுவிய ரண்சோட்லால் சோட்டாலால், பிறகு நகராட்சித் தலைவராகிக் குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் கொண்டுவந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்ததாம். டாங்கா தண்ணீரைக் குடித்தவள் என்ற முறையில் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் காலரா பரவிய அந்தக் காலத்தில் அவர் செய்ததுதான் சரி.

எல்லாமே நன்றாக இருந்தது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். போளின் கதவு காப்பாற்றும். அதே கதவு வெளியேயும் நிறுத்தும். சாதிக்கு ஒன்று, மதத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று வளர்ந்தவைதானே அந்தத் தெருக்கள். வீடு தேடிய நாட்களில் எத்தனை வாசலில் எங்களிடம் முதலில் கேட்டது பெயரை அல்ல, மீன் சாப்பிடுவீர்களா என்பதைத்தான். 1969, 1985, 2002 என்று அந்த ஊர் பற்றி எரிந்த வருடங்கள் உனக்கும் தெரியும். இன்றைக்கும் யார் எந்தப் பகுதியில் குடியிருக்க முடியும் என்பதில் அந்த நெருப்பின் அடையாளம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சந்துகளில் நட. மர வேலைப்பாட்டை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே.

ஆலைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1918-ல், பிளேக் நோய்க்குப் பயந்து தொழிலாளர்கள் ஊரை விட்டுப் போகாமல் இருக்கக் கொடுத்துவந்த போனஸை முதலாளிகள் நிறுத்தியபோது தொழிலாளர்கள் கூலியில் 35 சதவீத உயர்வு கேட்டார்கள்; முதலாளிகள் 20-க்கு மேல் இறங்கி வரவில்லை. முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் பக்கம் அவருடைய சொந்த அக்கா அனசூயா. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினமும் கூட்டம். தொழிலாளர்கள் தளர்ந்தபோது காந்தி உண்ணாவிரதம் இருந்தார், மூன்றே நாளில் உடன்பாடு வந்தது. அந்த ஆலைகளை நம்பி நம் பக்கத்து ஜனங்களும் போய் மணிநகர் சுற்றுவட்டாரத்தில் குடியேறினார்கள். நாங்கள் இருந்த காலத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் ஊதும் சங்கு ஒருநாள் ஊதாமல் போனால், அந்தத் தெருவே சாவு வீடு மாதிரி இருக்கும். அங்கே தமிழ் வழியில் நடந்த பள்ளி ஒன்றும் பிள்ளைகள் குறைந்து 2020-ல் மூடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

2001 ஜனவரி 26 பூகம்பத்துக்கு முன்பே நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். புது அடுக்குமாடிகள் இடிந்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருக்க, கை நடுங்க பாவுக்குப் போன் போட்டேன். "வீடு ஊஞ்சல் மாதிரி ஆடியது, நின்றுவிட்டது" என்றார். சுவருக்குள் மரச் சட்டம் இருந்ததால் ஆட்டத்தை அது வாங்கிக்கொண்டது. 2017-ல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் முதலில் கிடைத்தது அதற்குத்தான். பா அப்போது இல்லை. பிள்ளைகள் ஆற்றுக்கு மேற்கே பிளாட் வாங்கிப் போய்விட்டார்கள். அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை இப்போது நிறையப் பார்ப்பாய்.

எல்லோரும் சீதி சையது மசூதியின் கல் ஜன்னலைப் பார்க்கச் சொல்வார்கள். பார், கல்லில் அப்படி ஒரு மரத்தை வேறெங்கும் காணமுடியாது. ஆனால் அதோடு அசர்வாவில் தாதா ஹரிர் படிக்கிணற்றுக்கும் போ. 1499 அளவில் சுல்தானின் அரண்மனைப் பெண் ஒருத்தி தன் பொறுப்பில் கட்டியது. ஐந்து அடுக்கு கீழே இறங்கலாம். சமஸ்கிருதத்தில் ஒன்று, அரபியில் ஒன்று என்று இரண்டு கல்வெட்டு வைத்திருக்கிறாள். யாரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள், கூட்டமும் இருக்காது.

இந்த ஞாயிறு விடியற்காலையிலேயே கிளம்பு. காலுபூர் சுவாமிநாராயண் கோவில் வாசலிலிருந்து காலையில் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டும் நடை புறப்படும். லம்பேஷ்வர் போளில் குஜராத்திக் கவி தல்பத்ராம் வீட்டு வாசலில் வெண்கலத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். தெருப் பிள்ளைகள் மடியில் ஏறி விளையாடுவார்கள். பக்கத்து ஓட்லாவில் யாராவது ஒரு பாட்டி கட்டாயம் இருப்பார். "கேம் சோ பா", அதாவது 'எப்படி இருக்கிறீர்கள் அம்மா' என்று சொல்லி உட்கார். டாங்கா இருக்கிறதா என்று கேள். மூடியைத் திறந்து காட்டினால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் குனிந்து பார். கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொள்.

அன்புடன்,
பெரியம்மா